பென்னிகுக்கைக் கும்பிட வேண்டாம்

(நாமக்கல் பக்கத்தில் நடந்த நினைவுக் கூட்டம் ஒன்றில் பேசியது)



இன்று ஒரு இஞ்சினீயருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் இஞ்சினீயரும் அல்ல. இஞ்சினீயர் காலேஜின் வாசற்படியை மிதித்தவனும் அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதல் கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்து கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிட வேண்டும் என்று யாரையும் கேட்டுக் கொள்ளவில்லை. உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நான் பேசப் போவது முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுக் என்பவரைப் பற்றி. "அது மதுரைக்காரர்களும் தேனிக்காரர்களும் கொண்டாட வேண்டிய ஆள் ஆயிற்றே! சேலம் நாமக்கல் மேட்டுக்காட்டில் இருக்கிற நமக்கு அவரைப் பற்றி என்ன?" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். அவர் கட்டிய அணையின் தண்ணீர் நம்முடைய காட்டுக்கு ஒரு சொட்டும் வந்ததில்லை. இனி வரப் போவதுமில்லை. அதனாலேயே அவரைப் பற்றிப் பேச நாம் தகுந்தவர்கள் என்று நான் நினைக்கிறேன். உப்பைத் தின்றவன் நன்றி மிகுதியில் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லிவிடுவான். நமக்குக் கூட்டவும் வேண்டியதில்லை, குறைக்கவும் வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி பேசலாம்.

அன்றியும் ஒரு விதத்தில் அவர் கதை நம்முடைய ஊரிலும்தான் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை இந்நாட்டில் ஒரு பெரும் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லுவார்களே, அதுதான். அதில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் நம்முடைய பழைய சேலம் ஜில்லாவும் ஒன்று. 1871-இல் தலை எண்ணியபோது இருந்த ஜனங்கள் 1881-இல் எண்ணியபோது இல்லை. கணக்கு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்து போயிற்று. கோயில்கள் எல்லாம் இருந்தன. தேர்கள் இருந்தன. மழைக்காக எவ்வளவோ பூசை நடந்தது. சோறுதான் இல்லை. அதே பஞ்சம் மதுரைச் சீமையிலும் ஜனங்களைக் கொன்று குவித்தது. அதற்குப் பிறகுதான், வெகு காலமாய்ப் பெட்டியில் கிடந்த பெரியாற்றுத் திட்டத்தைச் சென்னை சர்க்கார் தூசு தட்டி வெளியில் எடுத்தது. 1882-இல் அந்த வேலை ஒரு இஞ்சினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்தான் பென்னிகுக்.

தகப்பனை இழந்த பிள்ளை

அவர் பிறந்தது 1841 ஜனவரி 15-ந் தேதி, புனாவில். தகப்பனார் கம்பெனிச் சண்டைகளில் பெரிய பதவி வகித்த சேனாபதி. 1849 ஜனவரி 13-ந் தேதி பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியர்களோடு நடந்த யுத்தத்தில் தகப்பனார் கொல்லப்பட்டார். அதே யுத்தத்தில், விழுந்து கிடந்த தகப்பனின் உடலுக்குக் காவல் நின்ற மூத்த மகன் அலெக்சாண்டரும் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 17. நம்முடைய ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்று இன்னும் இரண்டு நாள் பாக்கி. ஒரே நாளில் தகப்பனும் போய், அண்ணனும் போய் நின்ற பிள்ளை அவர்.

நம் ஊராயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "பிள்ளை ஜாதகம் சரியில்லை, தகப்பனை விழுங்கிவிட்டது" என்று ஒரு ஜோசியன் சொல்லி, அந்தக் குழந்தையை ஆயுள் முழுவதும் ஒரு குற்றவாளியைப் போலப் பார்த்திருப்பார்கள். இன்றைக்கும் நம் தெருக்களில் இப்படிப் பேச்சு வாங்கிக் கொண்டு வளருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளையை செல்டன்ஹாமில் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினார்கள். பிறகு கம்பெனிக்கு இஞ்சினீயர்களைத் தயார் செய்த அடிஸ்கோம்பு கலாசாலைக்கு அனுப்பினார்கள். 1858-இல் சென்னை இஞ்சினீயர் படையில் உத்தியோகம் கிடைத்தது. 1860-இல், பத்தொன்பது வயதில், இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1868-இல் அபிசீனியச் சண்டைக்கும் போய் வந்தார். மற்றபடி அவர் வாழ்நாளின் பெரும்பகுதி இந்த ராஜதானியின் மராமத்து வேலைகளிலேயே கழிந்தது.

யோசனை யாருடையது?

வெள்ளைக்காரன் மூளை ஒரு ஜாதி, நம் மூளை வேறு ஜாதி என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறேன். மேற்கே ஓடுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுக்கின் தலையில் முதலில் உதித்ததல்ல. இராமநாதபுரத்துப் பிரதானியாய் இருந்த முத்திருளப்ப பிள்ளை என்பவர் 1789-இலேயே ஆட்களை மலைக்கு அனுப்பி இடம் பார்த்து வரச் செய்தார். கையில் பணமில்லாததால் காரியம் நடக்கவில்லை. பிறகு 1808-இல் கால்டுவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி போய்ப் பார்த்துவிட்டு, இது வெறும் மனக்கோட்டை, இனிமேல் கவனிக்கத் தகுந்ததல்ல என்று எழுதிவிட்டார். 1850-இல் சிறிதாக ஒரு அணை வேலை தொடங்கப்பட்டு நின்று போயிற்று. 1867-இல் ரைவ்ஸ் என்பவர் ஒரு திட்டம் கொடுத்தார்.

ஆகவே பார்க்கப் போனால், முடியும் என்றவன் தமிழன். முடியாது என்றவன் வெள்ளைக்காரன். கடைசியில் முடித்துக் காட்டியவனும் வெள்ளைக்காரன். அறிவு எந்த ஜாதிக்கும் எந்தத் தேசத்துக்கும் பட்டயம் எழுதிக் கொடுத்த சொத்து அல்ல. படிப்பும் பணமும் சந்தர்ப்பமும் எங்கே சேருகிறதோ அங்கே காரியம் நடக்கிறது.

கமண்டலமும் கணக்கும்

நமக்கு ஆறு வந்த கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது? அகத்தியர் கமண்டலத்தில் காவேரி அடைபட்டிருந்ததாம், பிள்ளையார் காக்கையாய் வந்து தட்டிவிட்டாராம், ஆறு ஓடிற்றாம். கங்கை வந்த கதையோ, பகீரதன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்ததால் வந்ததாம். இந்தக் கதைகளைக் கேட்கிற குடியானவன் என்ன கற்றுக் கொள்ளுகிறான்? தண்ணீர் வேண்டுமானால் யாராவது முனிவர் வரவேண்டும், அல்லது காக்கை வரவேண்டும் என்று உட்கார்ந்திருக்கக் கற்றுக் கொள்ளுகிறான்.

பென்னிகுக் செய்தது என்ன என்று பாருங்கள். மேற்கு மலைத் தொடரின் அந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. இந்தப் பக்கம், மழை மேகத்தை மலை மறித்துக் கொள்ளுவதால், பூமி காய்கிறது. அங்கே பெய்த மழை பெரியாறாகி ஓடி அரபிக் கடலில் விழுந்து வீணாகிறது. இங்கே வைகை மணலாய்க் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மலை முதுகு. பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டினால் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். ஏறி நிற்கிற தண்ணீரை, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் வழியாய் விட்டால், கிழக்கே தானே சரிந்து விழும். விழுந்த தண்ணீர் ஓடை வழியாய்ச் சுருளியாற்றில் சேர்ந்து, வைகைக்குப் போய்விடும். இவ்வளவுதான் ரகசியம். இதில் மந்திரம் ஏதாவது இருக்கிறதா? பள்ளத்தை நோக்கித் தண்ணீர் ஓடும் என்பது வாய்க்காலில் மடை திருப்புகிற ஒவ்வொரு குடியானவனுக்கும் தெரியும். எவ்வளவு உயரம் ஏற்றினால் எவ்வளவு தூரம் சரியும், எவ்வளவு மழை வரும், எவ்வளவு தண்ணீரை எவ்வளவு கனமுள்ள சுவர் தாங்கும் என்று அளந்து கணக்குப் போட்டதுதான் இஞ்சினீயருடைய வேலை.

மலை அந்தக் காலத்தில் திருவாங்கூர் ராஜாங்கத்தைச் சேர்ந்தது. 1886 அக்டோபர் 29-ந் தேதி 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதப்பட்டது. 1887 செப்டம்பரில் வேலை தொடங்கிற்று. ரயிலுமில்லை, ரோட்டுமில்லை, யானையும் புலியும் திரிகிற காடு. சாமான்களைக் கூடலூர் வரையில் வண்டிகளில் கொண்டு வந்து, அங்கிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டு மலைமேல் ஏற்றி, பிறகு ஆற்றிலேயே படகுகளில் வைத்து அணை கட்டுகிற இடத்திற்குக் கொண்டு போனார்கள். இன்றைய சிமெண்டு அதில் இல்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் தூளும், கல்லும் சேர்த்துக் கட்டியது. வெள்ளம் வந்து, போட்ட அஸ்திவாரத்தை அடித்துக் கொண்டு போயிற்று. மறுபடி போட்டார்கள். மறுபடியும் அடித்துக் கொண்டு போயிற்று. மறுபடியும் போட்டார்கள். 152 அடிக்குத் தண்ணீர் நிற்கக் கூடிய அணையும், ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கமும் முடிந்து, 1895 அக்டோபரில் தண்ணீர் திறக்கப்பட்டது. இன்று தேனி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது.

செத்தவர்கள் யார்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன். அந்த அணையைப் பென்னிகுக் கட்டினார் என்கிறோம். அவர் ஒரு கல்லையாவது தலையில் சுமந்திருப்பாரா? சுமந்தவர்கள் கூலிகள். அவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். வெள்ளத்தில் செத்தவர்கள் உண்டு. வெடியில் செத்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விட அதிகமாய்க் கொன்றது மலைக்காய்ச்சல். ஆண்டுதோறும் சில மாதங்கள் காய்ச்சலுக்குப் பயந்து வேலையையே நிறுத்திவிட்டு மலையை விட்டுக் கீழே இறங்க வேண்டியிருந்தது.

அக்காய்ச்சல் ஏன் வந்தது? வனதேவதைக்குக் கோபம் என்றான் பாமரன். கெட்ட காற்று என்றான் படித்த டாக்டர். இரண்டு பேருக்கும் தெரியாது. அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து, 1897-இல், ரொனால்டு ராஸ் என்ற டாக்டர் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்து, மலேரியாவின் விஷக் கிருமி அதற்குள் வளருகிறது என்று கண்டுபிடித்தார். அந்த அறிவு பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால், ஒரு கொசுவலைக்கும் கொஞ்சம் மண்ணெண்ணெய்க்கும் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! வனதேவதைக்கு வெட்டிய ஆட்டுக்கடாவினால் ஒரு உயிராவது பிழைத்ததா? அறிவு தாமதமாய் வந்தால் ஏழைதான் முதலில் சாகிறான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

இவ்வளவு பேர் செத்தார்களே, அவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்காவது தெரியுமா? பொங்கல் வைக்கிறவர்கள் அவர்களுக்கும் ஒரு கல் நட்டு, ஏட்டில் கிடைக்கிற பெயரையெல்லாம் தேடி வெட்டி வைத்தால் அதை நான் மெச்சுவேன்.

மனைவி மக்களோடு வாழ்ந்தவர்

இனி அவருடைய குடும்ப வாழ்க்கைக்கு வருகிறேன். நம் நாட்டில் பெரிய மனிதன் என்றால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினவனாய் இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் வெகு காலமாய் ஊட்டப்பட்டிருக்கிறது. சந்நியாசி என்றால் காலில் விழுவோம். சம்சாரி என்றால், "அவனுக்கு என்ன, பெண்டாட்டி பிள்ளைக் கவலை" என்று அலட்சியமாய்ப் பேசுவோம்.

பென்னிகுக் 1879-இல் கிரேஸ் ஜார்ஜியானா ஷாமியர் என்ற அம்மையாரைக் கலியாணம் செய்து கொண்டார். அவருக்கு ஐந்து பெண்கள், ஒரு பையன். பெரியாற்றுத் திட்டம் அவர் கைக்கு வந்தபோது கலியாணமாகி மூன்றே வருஷம். அணை வேலை நடந்த எட்டு வருஷமும் அவர் பிள்ளை குட்டிக்காரர். பையன் பிறந்ததே 1890-இல், அதாவது வேலை மும்முரமாய் நடந்து கொண்டிருந்த சமயத்தில். அந்தப் பையனுக்கு வைத்த பெயர் ஜான் அலெக்சாண்டர் கிளாரன்ஸ். ஜான் என்பது யுத்தத்தில் மாண்ட தகப்பனார் பெயர். அலெக்சாண்டர் என்பது தகப்பனுக்குக் காவல் நின்று மாண்ட அண்ணன் பெயர். நாற்பது வருஷத்துக்கு முன் இழந்த இருவரின் பெயரையும் தன் பிள்ளைக்கு வைத்த மனிதனுடைய மனதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவர்கள் நீங்கள் அறிவீர்கள்.

தாய்மார்களே, ஐந்து பெண்கள் என்பதைக் கவனியுங்கள். "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்று நம்மவர் பழமொழி சொல்லித் திரிகிறார்களே! ஐந்து பெண்ணைப் பெற்றவர் ஆண்டியாகவில்லை, ஆற்றைத் திருப்பினார். ஆண்டியாக்குவது பெண் அல்ல, தோழர்களே. பெண்ணைச் சுமை என்று எண்ணி நாம் வைத்துக் கொண்டிருக்கிற சீரும் சீதனமும்தான்.

அந்தப் பையனும் தகப்பனைப் போலவே இஞ்சினீயர் படையில் சேர்ந்தார். 1914 ஆகஸ்டில் பிரான்சு தேசத்தில் ஜெர்மானியர்கள் துரத்திக் கொண்டு வந்தபோது, போந்துவாஸ் என்ற ஊரில் ஒரு பாலத்திற்கு வெடி வைத்துத் தகர்த்ததற்காக உயர்ந்த விருது பெற்றார். தகப்பன் கட்டினார்; மகன் தகர்த்தார். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. அறிவு என்பது ஆயுதம். அதைக் கொண்டு ஆக்குவதும் அழிப்பதும் மனிதர்கள் உலகத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகையால் இஞ்சினீயர் ஒருவரையும் நாம் தெய்வமாக்கக் கூடாது. அவர் குடும்பத்தையும் தெய்வீகக் குடும்பமாக்கக் கூடாது.

நகை விற்ற கதை

கதை ஒன்று நாடு முழுவதும் பேசப்படுகிறது. வெள்ளத்தில் அணை போய்விட்டதாம். சர்க்கார் இனிப் பணம் தர மாட்டோம் என்று கையை விரித்துவிட்டதாம். உடனே பென்னிகுக் சீமைக்குப் போய்த் தன் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டு வந்து அணையைக் கட்டி முடித்தாராம். கேட்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வருகிறது. ஆனால் இதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் ஒன்றையும் யாரும் காட்டினாரில்லை. அந்த அணை சென்னை சர்க்கார் திட்டம் போட்டு, அனுமதி கொடுத்து, தன் கஜானாவிலிருந்து லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய அணை. சர்க்காரும் தர்மத்திற்குக் கட்டவில்லை. தீர்வை வரும் என்று கணக்குப் பார்த்தே கட்டியது. கூட வேலை செய்த மெக்கன்சி என்ற இஞ்சினீயர் 1899-இல் அணை கட்டிய சரித்திரத்தையே தனிப் புத்தகமாய் எழுதி வைத்திருக்கிறார்.

"போகட்டுமே, நல்ல மனிதரைப் பற்றி நல்லதாக ஒரு கதைதானே! அதனால் என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. முதலாவது, அவர் உண்மையில் செய்த வேலை போதாது என்று அந்தக் கதை சொல்லுகிறது. காட்டிலும் காய்ச்சலிலும் எட்டு வருஷம் நின்று, அடித்துப் போன அஸ்திவாரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டது பெரிதல்ல. நகையை விற்றால்தான் பெரியவர் என்றாகிறது. இரண்டாவது, அந்த அம்மையாரை யார் கேட்டது? நம் கதைகளில் எல்லாம் பெண்சாதியை விற்றாவது சத்தியத்தைக் காப்பாற்றுகிறவன் உத்தமன். அரிச்சந்திரன் விற்றான், தர்மராசன் பந்தயத்தில் வைத்தான். அதே அச்சில் பென்னிகுக்கையும் வார்த்துவிட்டார்கள். மூன்றாவதுதான் மிகவும் கெடுதி. பொதுவேலை என்பது சர்க்காருடைய கடமை, அது நம் வரிப்பணம் என்பதை மறந்து, யாரோ ஒரு தியாகி வந்து வீட்டை விற்றுக் கட்டித் தர வேண்டும் என்று ஜனங்கள் காத்திருக்கும்படி செய்துவிடுகிறது.

கும்பிட்டால் யாருக்கு லாபம்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஜனவரி 15-இல் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். லோயர் கேம்பில் 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் 1911 மார்ச் 9-ந் தேதி இறந்த காம்பர்லி என்ற ஊரிலும் 2022-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் சிலை வைத்தது. நன்றி காட்டுகிற ஜனங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கல்லுக்கும் பாம்புக்கும் பொங்கல் வைக்கிற நாட்டில், உண்மையாகவே தண்ணீர் கொண்டு வந்த மனிதனுக்கு வைப்பது எவ்வளவோ மேல். பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் சிலை வைப்பதும் நல்ல காரியங்களே.

ஆனால் படத்துக்கு முன் சூடம் கொளுத்தும்போது ஒரு காரியம் நடந்து போகிறது. மனிதன் செய்தான் என்றால், "நாமும் செய்யலாமே, நம் பிள்ளையும் படித்துச் செய்வானே" என்று தோன்றும். தெய்வம் செய்தது என்றால், "அது தெய்வத்துக்குத்தான் முடியும்" என்று கையைக் கட்டிக் கொள்ளத் தோன்றும். மனிதனைத் தெய்வமாக்குவது அவனை உயர்த்துவது போலத் தெரியும். உண்மையில் அவனை நம்மிடமிருந்து பிரித்து எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டிவிடுவதுதான். பூட்டின பிறகு சாவி பூசாரி கையில்!

பென்னிகுக்கே என்ன செய்தார்? 1896-இல் இந்நாட்டு வேலையை விட்டுப் போன பிறகு மடம் கட்டிக் கொண்டு உட்காரவில்லை. கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இஞ்சினீயர்களைத் தயாரிக்கிற கலாசாலைக்குத் தலைவராய் 1899 வரை இருந்து பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். பெரியாற்றைத் திருப்பிய விதத்தை எழுதி, இஞ்சினீயர் சங்கத்தார் முன் வைத்து, அதற்கு மெடலும் பெற்றார். தெய்வம் தன் வித்தையைக் காகிதத்தில் எழுதி, "இன்ன விதமாய்ச் செய்தேன், பிழையிருந்தால் சொல்லுங்கள்" என்று பிறர் முன் வைக்குமா? மனிதன்தான் வைப்பான்.

நம் ஊர்ச் சங்கதி

தோழர்களே, நம் பக்கத்துக்கு வருவோம். நமக்கும் ஒரு அணை உண்டு. 1925-இல் அஸ்திவாரம் போட்டு 1934 ஆகஸ்டு 21-ந் தேதி திறந்த மேட்டூர் அணை. எல்லிஸ் என்ற இஞ்சினீயர் போட்ட திட்டத்திலிருந்து வந்தது. 120 அடிக்குத் தண்ணீர் நின்றால் 93 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். அது கட்டியபோது பல ஊர்கள் முழுகின. பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் இறங்குகிற காலத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவர்கள் கோயில் கோபுரமும் வெளியே தெரியும். நந்தி தெரிந்தால் தண்ணீர் இவ்வளவு இறங்கிவிட்டது என்று ஜனங்கள் கணக்குச் சொல்லுவார்கள். தெய்வம் அங்கே அளவுகோலாகிவிட்டது! எந்தச் சாமியும் தண்ணீரைத் தடுக்கவுமில்லை, அணைக்குச் சாபம் கொடுக்கவுமில்லை. சிவன் கோயிலும் ஏசு கோயிலும் ஒரே தண்ணீரில் ஒற்றுமையாய் முழுகிக் கிடக்கின்றன.

அந்த அணையின் தண்ணீர் பெரும்பாலும் நம்மைத் தாண்டித் தஞ்சைக்குப் போகிறது. பிற்காலத்தில் வெட்டிய மேட்டூர்க் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு ஜில்லாக்களில் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கின்றன. உபரித் தண்ணீரைப் பம்பு வைத்து ஏற்றிச் சேலம் ஜில்லாவில் 100 ஏரிகளை நிரப்புகிற வேலை 2020-இல் தொடங்கப்பட்டது. ஆனாலும் மேட்டுக்காட்டுக் குடியானவனுக்குக் கதி இன்றைக்கும் கிணறும் போரும்தான். அதில் நடக்கிற கூத்தைக் கேளுங்கள்.

திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்ப் பூமியைத் துளைக்கின்றன. ஆயிரம் அடி ஆழத்தில் கருங்கல்லைப் பொடியாக்குகிற இயந்திரம்! அதை ஓட்டுகிறவர்கள் நம் பையன்கள். மனித அறிவின் மகத்தான வேலை அது. ஆனால் அந்த இயந்திரத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று யார் சொல்லுகிறது? ஒருவன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக் கொண்டு காட்டைச் சுற்றுகிறான். தேங்காய் நிமிர்ந்து நின்றால் அங்கே தண்ணீராம்! இன்னொருவன் வேப்பங்குச்சியைப் பிடித்துக் கொண்டு போகிறான். அதற்கு மேல் வாஸ்துக்காரன் வந்து, தண்ணீர் இருந்தாலும் இந்த மூலையில் ஆகாது என்கிறான். இயந்திரம் இந்த நூற்றாண்டினுடையது. அதற்கு உத்தரவு போடுகிற தேங்காய் எந்த நூற்றாண்டினுடையது என்று சொல்லவும் வேண்டுமா?

போர் பொய்த்துப் போனால் தேங்காய்க்காரன் காசைத் திருப்பித் தருகிறானா? இல்லை. "உங்கள் நேரம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறான். வட்டிக்கு வாங்கின கடன் குடியானவன் தலையில் நிற்கிறது. நகை அடகுக் கடைக்குப் போகிறது. பென்னிகுக் மனைவியின் நகை விற்றதற்குச் சாட்சி இல்லை. நம் வீட்டுப் பெண்களின் நகை, தேங்காய் நிமிர்ந்ததை நம்பி விற்கப்பட்டதற்கு ஊருக்கு ஊர் சாட்சி உண்டு. பாறையின் விரிசல் எங்கே இருக்கிறது, பூமிக்குள் மின்சாரம் செலுத்தினால் எங்கே அது எளிதில் ஓடுகிறது என்று அளந்து சொல்லுகிற முறைகள் இருக்கின்றன. அதற்குப் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சில வேளை தவறலாம். ஆனால் ஏன் தவறிற்று என்று யோசித்து அடுத்த தடவை திருத்திக் கொள்ள அதில் இடமிருக்கிறது. தேங்காய் தவறினால் திருத்த என்ன இருக்கிறது? வேறு தேங்காய் வாங்குவதைத் தவிர?

இன்னொரு சங்கதி. நம் ஜில்லாக்களில் இன்று இஞ்சினீயர் காலேஜுகளுக்குப் பஞ்சமில்லை. வயலை விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம். நல்ல காரியந்தான். ஆனால் படித்து வந்த பையன் கட்டடம் கட்டும்போது, முதலில் எலுமிச்சம்பழத்தையும் பூசணிக்காயையும் தேடுகிறான். ராகுகாலம் பார்த்துக் கம்பி கட்டுகிறான். காலேஜில் படித்த கணக்குப் பரீட்சைக்கு. ஜோசியனுடைய கணக்கு வாழ்க்கைக்கு! இப்படிப்பட்டவன் பத்துப் பட்டம் வாங்கினாலும், நான் அவனைப் படித்தவன் என்று சொல்லத் தயாரில்லை.

முடிவாக

ஆகையால் தோழர்களே, பென்னிகுக்கை நினைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லி முடிக்கிறேன். அவரைக் கும்பிட வேண்டாம். அவர் எட்டு வயது நிறையுமுன் தகப்பனை இழந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, கலியாணம் செய்து கொண்டு, ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, சம்பளம் வாங்கிக் கொண்டு, தனக்கு இட்ட வேலையைச் சரியாய்ச் செய்த ஒரு மனிதர். அதில் அற்புதம் ஒன்றும் இல்லை; ஆகையால்தான் அது பின்பற்றத் தகுந்ததாய் இருக்கிறது.

உங்கள் பெண்ணையும் பையனையும் வித்தியாசமில்லாமல் படிக்க வையுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளை தெருவில் இருந்தால் அதன் ஜாதகத்தைப் பார்க்காமல் அதன் பள்ளிக்கூடச் சம்பளத்தைப் பாருங்கள். ஏரி தூர்ந்து போயிருந்தால் சாமி கும்பிடப் போகாமல் நாலு பேர் சேர்ந்து சர்க்காரைக் கேளுங்கள். அது உங்கள் வரிப்பணம். போர் போடப் போகிறவர்கள் தேங்காயை உடைத்துச் சட்டினி அரைத்துவிட்டு, அளந்து சொல்லத் தெரிந்தவனைக் கூப்பிடுங்கள். பெயர் தெரியாமல் அந்த மலையில் செத்த கூலிகளை மறக்காமல், உங்கள் ஊரில் வேலை செய்கிறவனுக்குக் கொசுவலையும் வைத்தியமும் சரியான கூலியும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இவற்றில் ஒன்றையாவது இந்த ஊரில் இந்த வருஷத்தில் செய்தீர்களானால், அவர் அணைத் தண்ணீர் ஒரு சொட்டும் வராத நம் மேட்டுக்காட்டுக்கும் அவரால் ஒரு பயன் உண்டாயிற்று என்று சொல்லலாம்.